பதினாறு படிக்குக் கீழே பெண் பார்த்தது

என்னைப் பெண் பார்த்தது எங்கள் வீட்டில் இல்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காம்ப்ளெக்ஸ், அதில் தரைக்குக் கீழே பதினாறு படி இறங்கினால் ஒரு அறை, அந்த அறையில் ஐந்து கம்ப்யூட்டர். அதில் நான்காவது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரவைத்துத்தான் பார்த்தார்கள். மாப்பிள்ளை குவைத்தில் இருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்ததும் நான்தான். பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய் ஒயர் சொருகிய கல்யாணப் பெண் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவளோடு சிநேகம் பிடித்துக்கொள்கிறேன்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்திருந்தேன். அரியலூரில் காலை ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்தால், சுண்ணாம்புக்கல் லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்து ஒன்பது மணிக்குப் பெரம்பலூர் வந்து சேரும். இறங்கும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். துடைத்துக்கொண்டு பதினாறு படி இறங்குவேன். அதற்கப்புறம் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வருவேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த இடம் யாரையும் ஒரு நாற்காலியில் உட்கார விட்டதில்லை.

முதலாளியை எல்லோரும் பாய் என்போம். லெப்பைக்குடிக்காட்டுக்காரர். இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, அந்தக் காம்ப்ளெக்ஸின் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை போட்டிருந்தார். அவர் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் அரபு நாட்டில். மெயில் பார்க்கவும் கேமராவில் முகம் பார்க்கவும் எல்லோரும் திருச்சிக்குப் போய் வருவதைக் கவனித்து, கடைக்கு நேர் கீழே வண்டி நிறுத்துவதற்காகக் கட்டிச் சும்மா கிடந்த அண்டர்கிரவுண்டை வாடகைக்குப் பிடித்தார். மேஜை வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, நீலத் தடுப்பு வந்தது, நானும் வந்தேன். இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

ஒயர் இல்லாத வீட்டுப் போன் ஒன்று அப்போது புதிதாக வந்திருந்தது, தலையில் ஒரு சாண் நீளக் கம்பியோடு. அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினாலே நெட் வந்துவிடும், தோண்ட வேண்டாம் இழுக்க வேண்டாம் என்று யாரோ சொல்லி, பாய் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். மேஜையில் வைத்தோம். சிக்னல் ஒரு கோடு கூட எழும்பவில்லை. சுவரோரம் வைத்தோம், ஸ்டூல் மேல் வைத்தோம், நான் மேஜைமேல் ஏறிக் கூரையைத் தொடுகிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் இல்லை.

"கபுருக்குள்ள எறங்குன மாதிரில்ல இருக்கு" என்றார் பாய். கபுர் என்றால் புதைகுழி.

"மண்ணுக்குள்ள டவர் எப்புடி பாய் எடுக்கும்? வாங்குறதுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றேன். முதலாளியிடம் பேசுகிற பேச்சா என்று நீங்கள் நினைக்கலாம். என் வாய் அப்படி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாளே பாய்க்கு அது பழகிவிட்டது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாக ஏறிப் பார்த்தேன். ஏழாவது படியில் ஒரு கோடு வந்தது. ஒன்பதாவது படியில் மூன்று. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குப் போகிற கேபிள் முதல் படியைக் கூடத் தொடவில்லை. நீளமான கேபிள் வாங்கி, போனைப் படியில் வைத்து இரண்டு நாள் ஓட்டினோம். வருகிறவர்கள் அதை மிதித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு அம்மா கூடையை அதன்மேல் வைத்துவிட்டு இளைப்பாற உட்கார்ந்தார்.

கடைசியில் மேலே ஜெராக்ஸ் கடையில் இருந்த சாதாரண டெலிபோனிலிருந்தே கீழே ஒரு இணைப்பு இழுப்பது என்று நான் முடிவு செய்தேன். லைன்மேன் வந்து பார்த்தார். மனு எழுதிக் கொடுங்கள், வரிசைப்படி வருவோம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. முப்பது மீட்டர் ஒயர் வாங்கி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் கொண்டுபோய், வென்டிலேட்டர் ஓட்டை வழியாகக் கீழே இறக்கி, நானே மோடத்தில் சொருகினேன். மோடம் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும் திரையில் பக்கம் திறந்தது. பாய் படியிறங்கி வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லா, நீ ஆம்பளயாப் பொறந்திருக்கணும்மா" என்றார். ஏன், பொம்பளையாகப் பிறந்தால் ஒயர் இழுக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

ஆனால் ஒன்று. ஒயர் ஒன்றுதான். கீழே நெட் ஓடும்போது மேலே யாராவது ரிசீவரைத் தூக்கினால் அந்த நிமிஷமே நெட் அறுந்துவிடும். மறுபடி டயல் செய்து பிடிக்கக் கால் மணி ஆனாலும் ஆகும். அதனால் டெலிபோனுக்குப் பக்கத்தில் 'கீழே நெட் ஓடுகிறது, ரிசீவரை எடுக்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பாய் வெளியே போனால் டெலிபோன்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போவார்.

செல்போன் வைத்திருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். குவைத்திலோ துபாயிலோ இருக்கிறவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பார், அதுதான் அடையாளம். கீழே இறங்கினால் டவர் போய்விடும், மிஸ்டு கால் வராது. மேலே நின்றால் மிஸ்டு கால் வரும், ஆனால் கம்ப்யூட்டரை வேறொருவர் பிடித்துக்கொள்வார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய பெண்கள் கையில் போனும் இடுப்பில் பிள்ளையுமாக ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார்கள். நான் அவர்களுக்காக மேலும் கீழும் ஓடுவேன். கத்துவேன், அலுத்துக்கொள்வேன். ஆனாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பது பிடித்திருந்தது.

இந்த நிலையில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது.

அப்பா ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிற கான்ட்ராக்டில் இருந்தார். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. மாப்பிள்ளை வீடு கீழப்பழுவூர். அவர்களும் எங்களைப் போலத்தான், பையன் குவைத்துக்குப் போய் நாலு வருஷத்தில் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியவர்கள். பையனுக்கு அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ அனுப்புங்கள் என்பார்கள் என்று பார்த்தால், போட்டோ வேண்டாம், கேமராவில் நேராகப் பார்க்க வேண்டும் என்று பையன் சொன்னாராம். இதற்கு முன்னால் ஒரு பெண்ணின் ஸ்டுடியோ போட்டோவைப் பார்த்துச் சரி என்று சொல்லி, நேரில் பார்த்தபோது வேறு ஆளாக இருந்ததாம்.

"நான் என்ன துணிக்கடைச் சேலையா, வெளிச்சத்துல விரிச்சுப் பாக்குறதுக்கு?" என்று அம்மாவிடம் குதித்தேன்.

"அவனையும் நீ பாக்கலாம்ல. வாய மூடு" என்றாள் அம்மா.

அதில் நியாயம் இருந்தது. அதைவிட, எனக்கு அவரிடம் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா கூடாதா? இதுதான், இது ஒன்றுதான். என் அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கலாம் என்றார்கள். பேசவே இல்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு வர பஸ் டிக்கெட்டுக்குக் கூட அவள் ஒருத்தர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவள் முன்பெல்லாம் என்னைவிட அதிகமாகப் பேசுவாள். அதை நினைத்தால் எனக்கு இரவெல்லாம் தூக்கம் பிடிக்காது.

மாப்பிள்ளை வீட்டில் கேட்கச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். அப்பா தாய்மாமனிடம் கேட்டார். அது அக்காதான் சொல்லணும் என்றார் அவர். அக்கா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, அதெல்லாம் அவன் இஷ்டம் என்றார். அவன் குவைத்தில் இருக்கிறான். ஆக, கேட்க வேண்டியது நான், கேட்கக் கிடைத்தது கேமராவில் பார்க்கிற அந்த ஒரு மணி நேரம். ஏனென்றால் கேமராவில் பார்த்துப் பையன் சரி என்றால் அங்கேயே பூ வைத்துத் தட்டு மாற்றிவிடுவதாக அவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை. குவைத்தில் லீவு நாள். நல்ல நேரம் ஒன்பதரையிலிருந்து பத்தரை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பாய் அன்று காலை கீழே வேறு யாரையும் விடவில்லை. ஊதுவத்தி கொளுத்தி வைத்திருந்தார், அண்டர்கிரவுண்டின் ஈர நாற்றம் போவதற்காக. எங்கள் பக்கம் அப்பா, அம்மா. அவர்கள் பக்கம் அம்மாவும் தாய்மாமனும், ஒரு பித்தளைத் தட்டில் பழமும் வெற்றிலையும் பூவும். ஐந்து கம்ப்யூட்டர் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் ஏறியவர்கள் மாதிரி.

நேரம் ஓடியது. பையன் உட்கார்ந்ததும் தாய்மாமன் செல்லுக்கு மிஸ்டு கால் கொடுப்பதாக ஏற்பாடு. தாய்மாமன் செல்லைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். ஒன்பதே முக்கால் ஆகியும் அது முனகவில்லை.

"இங்க டவர் எடுக்காதுங்க. மேல போய்ப் பாருங்க" என்றேன்.

"இது கலர் போனும்மா. எங்க இருந்தாலும் எடுக்கும்" என்றார்.

அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தால் ராகு காலம் வந்துவிடும். "குடுங்க" என்று கை நீட்டி வாங்கிக்கொண்டு, கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினேன். பத்தாவது படியில் மிஸ்டு கால் வந்தது. கால் மணியாக அடித்துக்கொண்டிருந்திருக்கிறார் பாவம். திரும்பி இறங்கி டயல் செய்தால், நெட் எண்ணே எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. மோடம் ஒயர் தளர்ந்திருக்கிறதோ என்று மேஜைக்கு அடியில் போய் பிடுங்கிச் சொருகினேன். வெளியே வரும்போது முட்டியில் தூசி, பூவில் பாதி நசுங்கியிருந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நான் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது கிடைத்தது.

முதலில் நெற்றி வந்தது. ஐந்தாறு நொடி கழித்து மூக்கு. போன் லைன் நெட்டில் அப்படித்தான், ஆள் துண்டு துண்டாகத்தான் வருவார். மாநிறம், மெலிந்த முகம், கழுத்துப் பட்டன் வரைக்கும் மாட்டிய, கோடு போட்ட சட்டை. அழகில்லை என்று சொல்ல முடியாது. சிரிக்க முயன்றார், ஆனால் படம் நகர்வதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது. அவர் அம்மா திரையைத் தொட்டுப் பார்த்து, "எளச்சிட்டானே" என்றார்.

ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை. "டைப் அடிச்சுத்தான் பேசணும்" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டை இழுத்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்போம். பின்னால் இருந்த நாலு பேரில் ஒருத்தருக்கும் இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அந்த நிமிஷம்தான் எனக்கு அது உறைத்தது. இத்தனை பெரியவர்கள் தோளுக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் அவரிடம் தனியாகப் பேசலாம்.

வணக்கம் அடித்தேன். அவரும் வணக்கம் அடித்தார். ஒற்றை விரலில் அடிக்கிறார் என்பது எழுத்து வருகிற வேகத்திலேயே தெரிந்தது. என்னைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நேராகவே அடித்தேன். 'கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகணும். நீங்க சரின்னா சரி. இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க.'

"என்னம்மா எழுதுன?" என்றார் தாய்மாமன்.

"ஒடம்பு எப்புடி இருக்குன்னு கேட்டேங்க."

'இத உங்க வீட்டுல கேட்டாங்களா?' என்று பதில் வந்தது.

'கேட்டாங்க. எல்லாரும் உங்களைக் கை காட்டுறாங்க. அதனால உங்களைக் கேக்குறேன்.'

அவர் தலையைக் குனிந்தார். படத்தில் தலைமுடி மட்டும் தெரிந்தது. கீழே 'டைப் செய்கிறார்' என்று வந்தது. ஒரு நிமிஷம் போனது. நின்றது. மறுபடி 'டைப் செய்கிறார்'. மூன்று நிமிஷம். ஆமாம் என்பதற்கோ கூடாது என்பதற்கோ ஒற்றை விரல் ஆளுக்கு மூன்று நிமிஷம் ஆகாது. அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். கூடாது என்பதை நாசூக்காகச் சொல்ல வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். மணி பத்தே கால்.

பின்னால் தாய்மாமன் எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை. அவர் கவலை அவருக்கு. புடிச்சிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்ல இவ்வளவு நேரமா, கேட்டே விடுவோம் என்று செல்லை எடுத்துக்கொண்டு மேலே போயிருக்கிறார். செல்லில் இன்கமிங் மட்டும்தான் இருந்தது. பாய் எல்லோருக்கும் காபி வாங்கப் போயிருந்தார், டெலிபோன்மேல் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுத்தான். தாய்மாமன் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். ரிசீவரைத் தூக்கினார்.

என் திரையில் அவர் குனிந்த தலை அப்படியே உறைந்தது. இணைப்பு அறுந்துவிட்டது.

பதினாறு படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. தாய்மாமன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "என்னம்மா இது, கொழாயில காத்து வர்ற மாதிரி சத்தம் கேக்குது" என்றார்.

"எடுக்காதீங்கன்னு இவ்ளோ பெருசா எழுதி ஒட்டிருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கடை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அது கடைக்கு வர்றவங்களுக்கு எழுதுனதும்மா. நான் மாப்பிள்ள வூட்டுக்காரன்ல" என்றார். கோபமாகக் கூட இல்லை, உண்மையாகவே சொன்னார்.

ரிசீவரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன். அதற்குள் மற்றவர்களும் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார்கள். அம்மா முகம் வெளிறியிருந்தது. போனது சம்பந்தம் என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. அப்பா தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னப் புள்ளைங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வயது எனக்கு. யாரும் டெலிபோனைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, நான் மட்டும் திரும்பிக் கீழே ஓடினேன்.

டயல் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடி. மோடம் கத்தியது, கத்திக்கொண்டே இருந்தது. மணி பத்து இருபத்திரண்டு. தனியாக நின்றுகொண்டு மேஜையைப் பிடித்திருந்தேன். எனக்கு அவர் வேண்டுமா வேண்டாமா என்று அந்த நிமிஷம் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். பதில் வேண்டும், அவ்வளவுதான். மூன்று நிமிஷம் அடித்த பதில் வேண்டும்.

இணைப்பு வந்தது. அவர் அந்தப் பக்கம் இல்லை. அவர் பெயருக்கு எதிரே விளக்கு அணைந்திருந்தது. ஆனால் போவதற்கு முன்னால் அனுப்பிவிட்டுத்தான் போயிருந்தார். ஒரு சின்ன ஜன்னல் திறந்து அவர் அடித்தது முழுவதும் வந்து நின்றது.

'தாராளமா வேலைக்குப் போங்க. ஒரு விஷயம் சொல்லணும். எனக்கு இங்க வேலை போயி ரெண்டு மாசம் ஆச்சு. ஃப்ரெண்டு ரூம்ல இருக்கேன், இது அவன் கம்ப்யூட்டர். வேற வேலை தேடுறேன், கிடைச்சிரும்னு நினைக்கிறேன், உறுதியா சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. உங்களைக் கேமராவுல பாக்கணும்னு சொன்னதே இத உங்ககிட்ட மட்டும் சொல்லிடணும்னுதான். போட்டோ கதையெல்லாம் பொய். உங்களுக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. காரணம் மட்டும் சொல்ல வேணாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்.'

இரண்டு முறை படித்தேன். முதலில் வந்தது கோபம்தான். தட்டு வரைக்கும் வரவிட்டுவிட்டு இப்போது சொல்கிறாரே என்று. அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாதவருக்கு முன்பின் தெரியாத என்னிடம் சொல்ல எங்கிருந்து வந்தது தைரியம் என்று. அப்புறம் கோபம் நகர்ந்துவிட்டது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும், இதற்கு முன்னால் எனக்குப் பார்த்த இரண்டு இடங்களிலும், எல்லோரும் இல்லாததை இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். இல்லாததை இல்லை என்று யாரும் வந்து சொன்னதில்லை. குனிந்திருந்த அந்தத் தலை ஞாபகத்துக்கு வந்தது. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்திருப்பார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

"மணியாச்சும்மா" என்று மேலேயிருந்து அப்பா குரல் கேட்டது.

ஐந்து நிமிஷம் இருந்தது. யாரையும் கேட்க முடியாது. அவரையும் கேட்க முடியாது, போய்விட்டார். ஒரு வரி அடித்தேன். 'சரின்னு சொல்லப் போறேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லணும், கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லணும்.' அனுப்பினேன். ஜன்னலை மூடினேன். படியேறினேன்.

மேலே தாய்மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்து நின்றார். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்தார்.

"அவன் என்னம்மா சொன்னான்?"

"புடிச்சிருக்காம் அத்தை" என்றேன். அதை அவர் எந்த இடத்திலும் அடிக்கவில்லை. ஆனால் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. "நான் வேலைக்குப் போறதப் பத்தியும் கேட்டேன். தாராளமாப் போங்கன்னு சொல்லிட்டாரு."

தாய்மாமன் சடக்கென்று திரும்பினார். "கல்யாணத்துக்கு முன்னாடியே இதெல்லாம் கேக்குற பொண்ணு."

"இருக்கட்டும் தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எம்புள்ள எதையும் வாயத் தொறந்து சொல்ல மாட்டான். சின்ன வயசுலேருந்தே அப்புடித்தான், காச்சல் வந்தாக் கூடத் தொட்டுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். அவனுக்கு இப்புடி அதட்டிக் கேக்குற ஒருத்திதான் வேணும்." என் தலையிலிருந்த நசுங்கிய பூவை எடுத்துப் போட்டுவிட்டு, தட்டிலிருந்து புதுச் சரத்தை எடுத்தார். அம்மா சட்டென்று என்னை அவர் பக்கமாகத் திருப்பி நிறுத்தினாள்.

எனக்குத் தெரிந்த எதையும் அதுவரைக்கும் நான் வயிற்றில் வைத்துக்கொண்டதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தை, உங்க புள்ளைக்கு வேலை இல்லை. நாலு வார்த்தை. சொல்லியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும், நான் நல்லவளாகவும் ஆகியிருப்பேன். ஆனால் அது என்னுடையதில்லை. இன்னொருத்தர் ரகசியம் இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பத்து இருபத்தெட்டுக்கு அத்தை பூ வைத்தார். வைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "வேலைக்குப் போ, வேணாங்கல. ஆனா நீ சம்பாதிச்சுத்தான் ஆகணும்னு இல்லம்மா. அவன் இல்லன்னா அந்தக் கம்பெனியில ஒரு வேலையும் ஓடாதாம். போன வாரம் கூட சம்பளம் ஏத்திருக்காங்கன்னு சொன்னான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.